தாடியஸ் ஸ்டீவன்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்த கதையைப் படிப்பவர்கள் பெரும்பாலும் லிங்கனோடு நின்றுவிடுகிறார்கள். லிங்கன் 1865 ஏப்ரலில் சுடப்பட்டு இறந்தார். விடுதலையான ஏறத்தாழ 40 லட்சம் பேருக்குக் குடியுரிமை உண்டா, ஓட்டு உண்டா, நிலம் உண்டா என்ற கேள்விகள் அப்புறம்தான் எழுந்தன. அந்தக் கேள்விகளை நாடாளுமன்றத்தில் யாரும் தட்டிக்கழிக்க விடாமல் பிடித்து நிறுத்தியவர் தாடியஸ் ஸ்டீவன்ஸ். சமத்துவத்தை நல்லெண்ணத்திடம் விட்டுவிடக் கூடாது, சட்டத்தில் எழுத வேண்டும், அந்தச் சட்டத்துக்குக் காலூன்ற நிலமும் வேண்டும் என்று சொன்ன மனிதர். அவரைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளும் பதில்களும் இவை.

சுருக்கமாகச் சொன்னால் யார் இவர்?

பென்சில்வேனியா மாநிலத்து வக்கீல். 1792 முதல் 1868 வரை வாழ்ந்தவர். முதலில் மாநிலச் சட்டமன்றத்திலும், பிறகு 1849 முதல் 1853 வரையும், 1859 முதல் இறக்கும்வரையும் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையிலும் இருந்தார். அடிமைமுறையை விட மறுத்துப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களோடு வடக்கு உள்நாட்டுப் போர் நடத்திய ஆண்டுகளில் சபையின் நிதிக் கமிட்டித் தலைவர். போருக்குப் பின் ‘தீவிரக் குடியரசுக் கட்சியினர்’ என்று பெயர் பெற்ற அணியின் தலைவர்.

பிறந்த ஊர், குடும்பம்?

வடகிழக்கில் வெர்மான்ட் மாநிலம், டான்வில் என்ற சின்ன ஊர். 1792 ஏப்ரல் 4-ஆம் தேதி, நான்கு பையன்களில் இரண்டாமவராகப் பிறந்தார். பிறவியிலேயே ஒரு பாதம் வளைந்திருந்தது, வாழ்நாள் முழுக்க விந்தி விந்தித்தான் நடந்தார். அப்பா செருப்புத் தைத்தும் கொஞ்சம் விவசாயம் பார்த்தும் பிழைத்தவர். ஒருநாள் குடும்பத்தை விட்டுப் போனவர் திரும்பவில்லை.

நான்கு பிள்ளைகளையும் அம்மா சாரா தனியாக வளர்த்தார். கால் சரியில்லாத பையன் உடலுழைப்பை நம்பி வாழ முடியாது, படித்தால்தான் கரையேறுவான் என்று முடிவு செய்து, பள்ளிக்கூடம் இருந்த பீச்சம் என்ற ஊருக்குக் குடும்பத்தையே மாற்றினார். மகன் 1814-இல் டார்ட்மவுத் கல்லூரியில் பட்டம் வாங்கினார். இந்த அம்மாவை மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் அவர் இலவசப் பள்ளிகளுக்காக அப்படி மல்லுக்கட்டியது ஏன் என்பது விளங்கும்.

வக்கீல் ஆனது எப்படி?

1815-இல் பென்சில்வேனியாவின் யார்க் ஊருக்கு வந்து, பகலில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்தார். வேறு தொழில் செய்துகொண்டே சட்டம் படிப்பவர்களைச் சேர்ப்பதில்லை என்று உள்ளூர் வக்கீல்கள் விதி வைத்திருந்தார்கள். அவர் பக்கத்து மாநிலமான மேரிலாந்துக்குக் குதிரையேறிப் போய், பெல் ஏர் ஊரில் தேர்வு எழுதி உரிமம் வாங்கி வந்தார். தேர்வாளர்கள் சில கேள்விகளோடு சில பாட்டில் மதேரா ஒயினும் கேட்டார்கள் என்றொரு கதை உண்டு.

1816-இல் கெட்டிஸ்பர்க்கில் அலுவலகம் திறந்தார். அடுத்த ஆண்டே ஒரு கொலை வழக்கு வந்தது. குற்றவாளி ஒரு பண்ணையாள். அவர் மனநிலை பிறழ்ந்தவர் என்று ஸ்டீவன்ஸ் வாதாடினார். அந்தக் காலத்து ஜூரிகளுக்கு அது பழக்கமில்லாத வாதம். வழக்கு தோற்றது, பண்ணையாள் தூக்கிலிடப்பட்டார். ஆனால் வாதத்தைக் கேட்டவர்கள் அந்த இளம் வக்கீலை மறக்கவில்லை, வழக்கோடு ஆட்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள்.

அடிமையை வைத்திருந்தவருக்காக வாதாடினார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றிப் பேசுவது சரியல்ல.

1780-இல் பென்சில்வேனியா போட்ட சட்டப்படி, வெளிமாநிலத்து உரிமையாளர் தம் அடிமையை அந்த மாநிலத்துக்குள் 6 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த அடிமைக்கு விடுதலை. சாரிட்டி பட்லர் என்ற பெண் மேரிலாந்திலிருந்து பென்சில்வேனியாவுக்குப் பலமுறை அழைத்து வரப்பட்டவர். தங்கிய நாட்களைக் கூட்டினால் 6 மாதம் தாண்டுகிறது, ஆகவே நானும் என் பிள்ளைகளும் சுதந்திரமானவர்கள் என்பது அவர் தரப்பு. எதிர்த்தரப்பு வக்கீல் ஸ்டீவன்ஸ். சட்டம் சொல்வது தொடர்ச்சியான 6 மாதம், விட்டுவிட்டு வந்த நாட்களைக் கூட்ட முடியாது என்று வாதிட்டார். 1821-இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரு தாயும் பிள்ளைகளும் அடிமைத்தளைக்குத் திரும்பினார்கள்.

அவருக்கு அப்போது வயது 29. தொழிலில் ஏறிக்கொண்டிருந்த காலம். அதற்குப் பிறகு தப்பி வந்த அடிமைகள் பக்கம் நின்றே வழக்காடினார், பல வழக்குகளில் கூலியும் வாங்கவில்லை. அந்த 1821 வழக்குதான் அவரைத் திருப்பியது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஒரு சட்டத்தில் உள்ள ஒற்றைச் சொல்லின் பொருள் ஒரு குடும்பத்தின் கதியையே தீர்மானிக்கும் என்பதை அவர் அங்கே தம் கையாலேயே செய்து பார்த்துவிட்டார். பிற்காலத்தில் அரசியல் சட்டத் திருத்தத்தின் ஒவ்வொரு வரிக்கும் அவர் அடம்பிடித்ததை இந்த வழக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும். சாரிட்டி பட்லருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை என்பதும் உண்மைதான்.

இலவசப் பள்ளிக்கூடங்களுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

1834-இல் பென்சில்வேனியா, வரிப்பணத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி நடத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தது. உடனே எதிர்ப்புக் கிளம்பியது. ‘பிள்ளை இல்லாத நான் ஏன் வரி கட்ட வேண்டும்’ என்றவர்கள் ஒருபக்கம். தங்கள் சபைப் பள்ளிகளும் ஜெர்மன் மொழியும் போய்விடும் என்று பயந்த ஜெர்மானியக் குடியேறிகள் இன்னொருபக்கம். மனுக்கள் மலையாகக் குவிந்தன. மாநில செனட் சட்டத்தை ரத்து செய்ய ஓட்டுப் போட்டுவிட்டது. கீழவையும் அதே வழியில் போகும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஸ்டீவன்ஸின் சொந்தத் தொகுதி மக்களே ரத்து கேட்டார்கள்.

1835 ஏப்ரல் 11 அன்று அவர் எழுந்து பேசினார். குற்றவாளியைத் தண்டிக்கவும் சிறையில் வைத்துச் சோறு போடவும் முகம் சுளிக்காமல் வரி கட்டுகிறீர்கள், அதே மனிதன் குற்றவாளி ஆகாமல் தடுக்கும் கல்விக்குக் கேட்டால் மட்டும் கூச்சல் போடுகிறீர்களே என்று கேட்டார். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த ஆளுநர் ஜார்ஜ் உல்ஃப் எதிர்க்கட்சிக்காரர். அவரையும் இந்த விஷயத்தில் மனந்திறந்து பாராட்டினார். பேச்சு முடிந்து ஓட்டெடுத்தபோது கீழவை சட்டத்தைக் காப்பாற்றியது, செனட்டும் மனம் மாறியது.

தம் வாழ்நாளின் பெரிய சாதனையாக ஸ்டீவன்ஸ் இதையே கருதியதாகச் சொல்வார்கள். அடுத்த தேர்தலில் ஓட்டுப் போடப்போகிறவர்களின் விருப்பத்துக்கு எதிராக நின்று, வாதத்தாலேயே ஒரு அவையைத் திருப்பியது இது. சட்டமன்ற வரலாறுகளில் அடிக்கடி காணக் கிடைப்பதல்ல.

எந்தக் கட்சி?

நிறைய கட்சி மாறினார். 1833-இல் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனது மேசன் எதிர்ப்புக் கட்சியில். மேசன்கள் என்ற ரகசியச் சங்கத்தார் நீதிமன்றத்திலும் அரசிலும் தங்களுக்குள் சலுகை செய்துகொள்கிறார்கள் என்பது அந்தக் கட்சியின் குற்றச்சாட்டு. அப்புறம் விக் கட்சி, கடைசியில் குடியரசுக் கட்சி. 1838-இல் மாநிலத் தேர்தல் முடிவைப் பற்றிய சண்டையில் கூட்டம் செனட்டுக்குள் புகுந்தபோது அவர் சன்னல் வழியே குதித்துத் தப்பியதும் உண்டு. அவர் அந்தக் காலத்துக் கட்சி அரசியலின் எல்லா உருட்டுப்புரட்டும் தெரிந்தவர். அவரைத் துறவி மாதிரி காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் அந்த ஆண்டுகளிலேயே ஒரு விஷயத்தில் மட்டும் இறங்கி வரவில்லை. 1837-38-இல் மாநிலத்துக்குப் புது அரசியல் சட்டம் எழுத மாநாடு கூடியது. அதுவரை பென்சில்வேனியாவில் சுதந்திரமான கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமையைச் சட்டம் தடுக்கவில்லை. புதிய சட்டத்தில் ‘வெள்ளையர்’ என்ற சொல்லைச் சேர்த்து அதைப் பறித்தார்கள். மாநாட்டு உறுப்பினரான ஸ்டீவன்ஸ் அதில் கையெழுத்துப் போட மறுத்தார்.

லங்காஸ்டருக்கு ஏன் குடிபெயர்ந்தார்?

கடன்தான் காரணம். கெட்டிஸ்பர்க் பக்கம் இரும்பு உருக்கும் ஆலைகளில் பணம் போட்டிருந்தார், அவை நஷ்டத்தில் ஓடின. 1842-இல் வசதியான ஊரான லங்காஸ்டருக்குப் போய் வக்கீல் தொழிலால் கடனை அடைக்கத் தொடங்கினார்.

அந்த ஊர் மேரிலாந்து எல்லைக்குப் பக்கம். தெற்கிலிருந்து தப்பி வருபவர்கள் அந்த வழியாகத்தான் வடக்கே போவார்கள், அவர்களைப் பிடிக்க வரும் கூலியாட்களும் அதே வழிதான். அந்தப் பிடிகாரர்கள் என்ன செய்கிறார்கள் என்று வேவு பார்க்க ஸ்டீவன்ஸ் ஆள் வைத்திருந்தார், அதைப் பற்றி அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் சவுத் குயின் தெருவில் உள்ள அவர் வீட்டின் பின்புறம் அகழ்வாய்வு செய்தபோது பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்று கிடைத்தது. பக்கத்துக் கட்டடத்து நிலவறையிலிருந்து அதற்குள் நுழைய வழி இருந்தது. ஆட்களை ஒளித்துவைக்க அது பயன்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

கிறிஸ்டியானா வழக்கு என்பது என்ன?

அதைப் புரிந்துகொள்ள 1850-ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைச் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒருவர் தப்பியவரா இல்லையா என்று ஆணையர் ஒருவர் முடிவு செய்வார். பிடிபட்டவர் தம் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது, ஜூரியும் கிடையாது. உரிமையாளர் பக்கம் முடிவு சொன்னால் ஆணையருக்கு 10 டாலர் கட்டணம், விடுவித்தால் 5 டாலர். வழியில் போகிறவர் எவரையும் பிடிக்க உதவச் சொல்லி அதிகாரி கட்டளையிடலாம். சபையில் இதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஸ்டீவன்ஸ் முக்கியமானவர்.

1851 செப்டம்பர் 11 விடிகாலை, லங்காஸ்டர் மாவட்டத்துக் கிறிஸ்டியானா கிராமத்தில் எட்வர்ட் கோர்சச் என்ற மேரிலாந்துப் பண்ணையார், தப்பிய 4 பேரைத் தேடி அரசு அதிகாரியோடு வில்லியம் பார்க்கர் என்பவரின் வீட்டுக்கு வந்தார். பார்க்கரும் முன்பு அடிமையாக இருந்து தப்பியவர். அக்கம்பக்கத்துக் கறுப்பின மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். மோதலில் கோர்சச் கொல்லப்பட்டார். பார்க்கர் கனடாவுக்குத் தப்பினார். அரசு கொலை வழக்கோடு நிறுத்தவில்லை, முப்பதுக்கும் மேற்பட்டவர்கள்மேல் தேசத்துரோகக் குற்றம் சாட்டியது.

முதலில் விசாரிக்கப்பட்டவர் காஸ்ட்னர் ஹான்வே என்ற வெள்ளையர், மாவு மில்காரர். அவர் செய்த குற்றம், குதிரையில் அங்கு வந்து, அதிகாரி உதவி கேட்டபோது மறுத்தது. பிலடெல்பியாவில், சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தான அதே கட்டடத்தின் மாடியில் விசாரணை நடந்தது. ஹான்வே தரப்பு வக்கீல்களில் ஒருவர் ஸ்டீவன்ஸ். உதவ மறுப்பது நாட்டின்மேல் போர் தொடுப்பதாகுமா என்பதுதான் கேள்வி. ஜூரி சுமார் 15 நிமிடத்தில் ‘குற்றவாளி அல்ல’ என்று வந்து சொன்னது. மற்றவர்கள்மேல் இருந்த துரோக வழக்குகளும் கைவிடப்பட்டன.

இதற்கு அவர் கொடுத்த விலை, அடுத்த தேர்தலில் கட்சி அவருக்குச் சீட்டுத் தரவில்லை. மீண்டும் சபைக்குள் நுழைந்தபோது 1859, வயது 66.

லிடியா ஹாமில்டன் ஸ்மித் யார்?

கெட்டிஸ்பர்க் பக்கத்தில் பிறந்த கலப்பினப் பெண், இரண்டு மகன்களின் தாய். 1840-களின் பிற்பகுதியிலிருந்து ஸ்டீவன்ஸ் இறக்கும்வரை லங்காஸ்டரிலும் வாஷிங்டனிலும் அவர் வீட்டை நிர்வகித்தார். ஸ்டீவன்ஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. அதனால் எதிரிகள் இருவரையும் சேர்த்து வாய்க்கு வந்தபடி பேசினார்கள், பத்திரிகைகளும் எழுதின. அந்த வதந்தியிலேயே மூழ்கிப்போய் லிடியாவை ஒரு கிசுகிசுவாகக் குறுக்குவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

அவர் சொந்தமாகச் சொத்து வாங்கி நிர்வகித்த வியாபாரி. ஸ்டீவன்ஸ் அவரை ‘மிசஸ் ஸ்மித்’ என்றே அழைத்தார். கறுப்பினப் பெண்களைப் பெயர் சொல்லி ‘ஏ’ என்று கூப்பிடுவது வழக்கமாக இருந்த நாட்டில் அது சாதாரணமில்லை. உயிலில் அவருக்கு ஆயுள் முழுக்க ஆண்டுக்கு 500 டாலர், அல்லது மொத்தமாக 5,000 டாலர், எது வேண்டுமோ அது என்று எழுதிவைத்தார். லிடியா பிறகு அந்த லங்காஸ்டர் வீட்டையே விலைக்கு வாங்கினார். 1884-இல் இறந்தார்.

போர்க்காலத்தில் என்ன செய்தார்?

பணம் திரட்டினார். 1861 கடைசியில் வங்கிகள் காகிதத்துக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்திவிட்டன, அரசின் கஜானாவோ காலி. வருமான வரி உட்பட புது வரிகள், கடன் பத்திரங்கள், கடைசியில் தங்க ஆதாரமில்லாத காகிதப் பணம் எல்லாம் அவர் கமிட்டி வழியாகத்தான் வந்தன. 1862 பிப்ரவரி 25-இல் நிறைவேறிய சட்டம் 15 கோடி டாலருக்குப் பச்சை நிற நோட்டுகளை அச்சடிக்க வழிவிட்டது. கடன் பத்திர வட்டியை மட்டும் தங்கத்தில் கொடுக்க வேண்டும் என்று செனட் சேர்த்தது ஸ்டீவன்ஸுக்குப் பிடிக்கவில்லை. சிப்பாய்க்குக் காகிதம், வங்கிக்காரருக்குத் தங்கமா என்பது அவர் ஆத்திரம்.

அவருடைய இரும்பு ஆலை எரிக்கப்பட்டதா?

ஆம். 1863 ஜூன் 26-இல், கெட்டிஸ்பர்க் சண்டைக்குச் சில நாட்கள் முன்பு, தெற்குப் படைத் தளபதி ஜூபல் எர்லி கலிடோனியா ஆலையைக் கொளுத்தச் சொன்னார். வேறு ஆலைகளை விட்டுவிட்டு இதை மட்டும் எரித்தது உரிமையாளர் யார் என்று தெரிந்துதான். வேலையிழந்த குடும்பங்களை ஸ்டீவன்ஸ் கைவிடவில்லை.

லிங்கனோடு உறவு எப்படி?

ஒரே கட்சி, ஒரே திசை, வேகம்தான் வேறு. அடிமைகளை விடுவித்து அவர்கள் கையில் துப்பாக்கி கொடுங்கள் என்று போரின் தொடக்கத்திலிருந்தே வற்புறுத்தியவர் ஸ்டீவன்ஸ். அடிமைமுறை இருந்தும் வடக்கோடு நின்ற எல்லை மாநிலங்கள் கைவிட்டுப் போகாமல் லிங்கன் பார்த்துப் பார்த்து நகர்ந்தார். அடிமைமுறையை ஒழிக்கும் 13-ஆவது திருத்தம் 1865 ஜனவரி 31-இல் சபையில் 119-க்கு 56 என்று நிறைவேறியபோது இருவரும் அதற்காகப் பாடுபட்டிருந்தார்கள்.

14-ஆவது திருத்தத்தில் அவர் பங்கு என்ன?

இதுதான் அவர் வாழ்க்கையின் நடுப்பகுதி என்று நினைக்கிறேன், ஆண்டுக்கணக்கில் அது கடைசியில் வந்தாலும்.

லிங்கனுக்குப் பின் ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜான்சன், தோற்ற தெற்கு மாநிலங்களை அவசர அவசரமாக மன்னித்தார். அந்த மாநிலங்கள் ‘கறுப்பர் சட்டங்கள்’ என்று போட்டு, வேலை ஒப்பந்தம் இல்லாத கறுப்பினத்தவரைக் கைது செய்து கூலிக்கு விடத் தொடங்கின. அது மட்டுமல்ல. பழைய அரசியல் சட்டத்தில் 5 அடிமைகள் 3 பேராகக் கணக்கிடப்பட்டு அதன்படி இடங்கள் ஒதுக்கப்பட்டன. அடிமைமுறை ஒழிந்ததால் இப்போது ஐந்தும் ஐந்தே. ஆக, கறுப்பினத்தவருக்கு ஓட்டே கொடுக்காமல், அவர்கள் தலையை எண்ணி, தோற்ற தரப்பு முன்னைவிட அதிக இடங்களோடு சபைக்குள் வரும் நிலை.

1865 டிசம்பர் 4-இல் சபை கூடியது. பெயர் வாசிக்க வேண்டிய எழுத்தர் எட்வர்ட் மெக்பர்சன், ஸ்டீவன்ஸ் வளர்த்துவிட்ட கெட்டிஸ்பர்க்காரர். தெற்கு உறுப்பினர்களின் பெயர்களை வாசிக்காமல் தாண்டிப் போனார். பெயர் வாசிக்கப்படாதவர் எழுந்து பேசவும் முடியாது. அடுத்து, தோற்ற தெற்கை மறுபடி நாட்டோடு சேர்க்கும் பணியை, அதாவது மறுசீரமைப்பை, கவனிக்க இரு அவைகளிலிருந்தும் 15 பேர் கொண்ட கூட்டுக் கமிட்டி அமைந்தது. பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களுக்குத் தலைமை ஸ்டீவன்ஸ்.

அந்தக் கமிட்டியிலிருந்து வந்ததுதான் 14-ஆவது திருத்தம். நாட்டில் பிறந்த எவரும் குடிமக்கள், எந்த மாநிலமும் எவருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கக் கூடாது என்கிற முதல் பிரிவின் வாசகங்களில் பெரும்பங்கு ஒஹாயோவின் ஜான் பிங்கமுடையது. அதை ஓட்டெண்ணிக்கை தேற்றிச் சபையில் நிறைவேற்றியது ஸ்டீவன்ஸ். ஆனால் அவர் கேட்டது அதில் முழுதாக இல்லை. ஓட்டுரிமை நேரடியாகத் தரப்படவில்லை. ஆண்களுக்கு ஓட்டை மறுத்தால் அந்த மாநிலத்தின் இடங்கள் குறையும் என்று சுற்றிவளைத்துத்தான் சொன்னது. கிளர்ச்சியாளர்கள்மேல் இருந்த கடுமையையும் செனட் குறைத்துவிட்டது.

1866 ஜூன் 13-இல் இறுதி ஓட்டுக்கு முன் பேசியபோது, நம் அமைப்புகள் ஒருநாள் எல்லா அநீதியிலிருந்தும் விடுபடும் என்று இளமையிலிருந்து கனவு கண்டேன், அந்தக் கனவு கலைந்தது என்றார். பிறகு ஏன் இந்தக் குறையுள்ள திருத்தத்தை ஏற்கிறேன் என்ற கேள்வியை அவரே கேட்டு, நான் வாழ்வது மனிதர்கள் நடுவே, தேவதூதர்கள் நடுவே அல்ல என்று பதிலும் சொன்னார். ‘வளைந்து கொடுக்காத வெறியர்’ என்று அவரை எழுதுபவர்கள் இந்தப் பேச்சைப் படித்திருக்க வேண்டும். கிடைத்ததை வாங்கிக்கொண்டார், கிடைத்தது போதும் என்று மட்டும் சொல்லவில்லை. 1868 ஜூலையில் அந்தத் திருத்தம் அரசியல் சட்டத்தில் சேர்ந்தது.

40 ஏக்கர் நிலம் என்ற பேச்சு இவருடையதா?

போர்க்களத்தில் அதைத் தொடங்கியது வடக்குப் படைத் தளபதி ஷெர்மன். 1865 ஜனவரியில் கடலோர நிலத்தைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்க ஆணையிட்டார், ஜான்சன் அதைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். அதைத் தெற்கு முழுவதற்கும் சட்டமாக்கப் பார்த்தவர் ஸ்டீவன்ஸ்.

1865 செப்டம்பர் 6-இல் லங்காஸ்டரில் பேசும்போது கணக்கோடு வந்தார். 200 ஏக்கருக்கு மேல், அல்லது 10,000 டாலருக்கு மேல் சொத்துள்ள சுமார் 70,000 கிளர்ச்சியாளர்களிடம் மாநில அரசுகளின் நிலத்தையும் சேர்த்து 39 கோடியே 40 லட்சம் ஏக்கர் இருக்கிறது. அதைப் பறிமுதல் செய்தால் தெற்கில் பத்தில் ஒன்பது பேருக்கு ஒரு துண்டு நிலம்கூடப் போகாது. விடுதலை பெற்ற சுமார் 10 லட்சம் வயது வந்த ஆண்களுக்குத் தலைக்கு 40 ஏக்கர் என்றால் 4 கோடி ஏக்கர். மீதியை ஏக்கர் 10 டாலருக்கு விற்றால் 354 கோடி டாலர், போர்க் கடன் அடையும், காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஓய்வூதியமும் கிடைக்கும்.

1867-இல் மசோதாவாகவே கொண்டுவந்தார். சொந்தக் கட்சியே கூட வரவில்லை. தனியார் சொத்தில் கைவைத்தால் நாளை வடக்கின் ஆலை முதலாளிக்கும் அதே கதி என்ற பயம் அவர்களுக்கு. அடுத்த ஐம்பது வருடம் நடந்ததைப் பாருங்கள்: அதே பண்ணையில், அதே முதலாளியிடம், விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு உழுது, அவர் கடையிலேயே கடனுக்குச் சாமான் வாங்கி, அறுவடையில் கணக்கு நேராகாமல் அடுத்த ஆண்டும் கட்டுப்பட்டுக் கிடந்தார்கள். எதிராக ஓட்டுப் போட்டால் வீடும் போகும், வயலும் போகும். நிலமில்லாதவன் ஓட்டு முதலாளியின் கையில்தான் என்று ஸ்டீவன்ஸ் முன்கூட்டியே சொன்னது அப்படியே நடந்தது. குத்தகைதாரர் கதை தெரிந்த எந்த ஊர்க்காரருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

ஜான்சனைப் பதவியிலிருந்து இறக்கப் பார்த்தது ஏன் தோற்றது?

1867 மார்ச்சில் நாடாளுமன்றம் தெற்கை 5 ராணுவ மாவட்டங்களாகப் பிரித்து, கறுப்பின ஆண்களும் ஓட்டுப் போட்டுப் புது அரசுகள் அமைக்க வேண்டும் என்றது. ஜான்சனின் வீட்டோவை மீறித்தான் அந்தச் சட்டம் வந்தது. அவர் முட்டுக்கட்டை போட்டுக்கொண்டே இருந்தார். 1868 பிப்ரவரியில் போர் அமைச்சர் ஸ்டான்டனை நீக்கியதும் சபை 126-க்கு 47 என்று அவர்மேல் குற்றச்சாட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது.

ஸ்டீவன்ஸ் அப்போது கடும் நோயில் இருந்தார். நாற்காலியில் வைத்துத் தூக்கித்தான் அவைக்குக் கொண்டுவந்தார்கள். செனட் விசாரணையில் தம் வாதத்தைத் தொடங்கி, குரல் எழும்பாமல் போக, மீதியை சக உறுப்பினர் பெஞ்சமின் பட்லர் வாசித்தார். மே 16-இல் ஓட்டு: 35 பேர் குற்றவாளி என்றார்கள், 19 பேர் இல்லை என்றார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு ஓட்டு குறைந்தது. அமைச்சரை நீக்கியதைக் குற்றத்தின் மையமாக வைத்தது பலவீனமான வழக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. ஜான்சனின் உண்மையான தவறு விடுதலை பெற்றவர்களைக் கைவிட்டது, அதைச் சட்டப் பிரிவாக எழுதுவது கடினம்.

எப்போது இறந்தார்? அந்தக் கல்லறை வாசகம் என்ன?

1868 ஆகஸ்ட் 11 நள்ளிரவு, வாஷிங்டனில். அன்று கறுப்பினப் போதகர்கள் வந்து அவருக்காக ஜெபித்தார்கள். நாடாளுமன்றக் கட்டடத்தின் வட்ட மண்டபத்தில் உடல் வைக்கப்பட்டது. ஹென்றி கிளே, லிங்கன் இருவருக்குப் பிறகு அந்த மரியாதை பெற்ற மூன்றாமவர் அவர். கறுப்பினப் படைவீரர்கள் காவல் நின்றார்கள். லங்காஸ்டர் கட்சியினர் இறந்துபோனவரையே அந்த ஆண்டு வேட்பாளராக நிறுத்தி மரியாதை செய்தார்கள்.

கல்லறைக்கு வேறு இடங்களில் வாங்கியிருந்த மனைகளை, அங்கே கறுப்பினத்தவரைப் புதைக்க அனுமதியில்லை என்று தெரிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார். எல்லா இனத்தவரையும் ஏற்ற ஷ்ரைனர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார். வாசகம் அவரே எழுதியது. தனிமையை விரும்பி இங்கே கிடக்கவில்லை, மற்ற இடங்களில் இன விதிகள் இருந்ததால், படைத்தவன் முன் மனிதர் சமம் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னதைச் சாவிலும் காட்டவே இந்த இடத்தைத் தேர்ந்தேன் என்பது அதன் சாரம்.

உயிலில் வேறு என்ன இருந்தது?

அம்மா அடக்கமான பீச்சம் கல்லறைத் தோட்டத்துக்கு 500 டாலர். ஒவ்வொரு வசந்தத்திலும் அவர் கல்லறையின் நான்கு மூலையிலும் ரோஜாவோ வேறு மலர்ச் செடியோ நட வேண்டும் என்பது நிபந்தனை. மீதிச் சொத்தில் அனாதைப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம், அதில் நிறமோ இனமோ பார்த்து வேறுபாடு காட்டக் கூடாது, எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும் என்று எழுதினார். அந்த எண்ணத்தில் 1905-இல் லங்காஸ்டரில் தொடங்கிய தொழிற்பள்ளி இன்று தாடியஸ் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரி.

பிறகு ஏன் அவரை வில்லனாகக் காட்டினார்கள்?

1877-க்குப் பின் தெற்கில் வெள்ளையர் ஆட்சி திரும்பியதும், மறுசீரமைப்புக் காலமே ஒரு கொடுமை என்ற கதை பாடப்புத்தகங்களில் ஏறியது. அந்தக் கதைக்கு ஒரு கொடூரன் தேவைப்பட்டான். நொண்டிக் கால், பொய்முடித் தலை, கூரிய நாக்கு, வீட்டில் கலப்பினப் பெண், எல்லாவற்றையும் அவர்மேல் ஏற்றினார்கள். அவர் நாக்கு கூர்மையானதுதான், எதிரியை அவமானப்படுத்தத் தயங்காதவர்தான். ஆனால் அவர் கேட்டது பழிவாங்கல் மட்டும் என்பது பொய். தூக்குத் தண்டனைகள் வேண்டாம் என்றவர், நிலத்தைத்தான் கேட்டார். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில், கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டம் எழுந்த காலத்தில்தான் வரலாற்றாசிரியர்கள் அவரை மறுபடி நிதானமாகப் படித்தார்கள்.

அவர் நிறைவேற்றிய திருத்தம் பின்னால் பயன்பட்டதா?

நீண்ட காலம் பயன்படாமல் கிடந்தது. 1896-இல் உச்ச நீதிமன்றம் ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்று அதன் உயிரை எடுத்தது. 1954-இல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு வந்தபோது ஆதாரமாக நின்றது அதே சமமான பாதுகாப்பு வாசகம். இந்திய அரசியல் சட்டத்தின் 14-ஆவது உறுப்பில் உள்ள ‘சட்டங்களின் சமமான பாதுகாப்பு’ என்ற தொடரும் அங்கிருந்து எடுத்ததுதான். நில மசோதாவுக்கு மட்டும் அப்படி ஒரு மறுபிறவி கிடைக்கவில்லை.

நேரில் போனால் என்ன பார்க்கலாம்?

லங்காஸ்டரில் அவர் வீடும் கல்லறையும் இருக்கின்றன. கெட்டிஸ்பர்க் நீதிமன்றத்துக்கு முன் 2022-இல் சிலை வைத்தார்கள். அங்கிருந்து மேற்கே சேம்பர்ஸ்பர்க் போகும் சாலையில், எரிக்கப்பட்ட இரும்பு ஆலை இருந்த இடம் இப்போது கலிடோனியா மாநிலப் பூங்கா.